பூஜ்யம் சரியாக இருந்தால் போதுமா?

நம் மெக்கானிக்கல் பிரிவில் மெட்ராலஜி லேப் என்றாலே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். வெல்டிங் ஷாப்பில் பொறி பறக்கும், லேத்தில் சுருள் சுருளாக இரும்பு வரும். மெட்ராலஜியில் பறப்பதற்கு ஒன்றுமில்லை. துடை, வை, படி, எழுது. அவ்வளவுதான். ஆனால் என் வீட்டுக்குப் பயன்பட்ட முதல் பாடம் அந்த லேபில் கிடைத்ததுதான். அதனால்தான் மலருக்கு இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் சார் ஒரு பழைய பிரஷர் கேஜை டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டச் சொன்னார். பெயர்தான் பெரிது. ஒரு பிஸ்டன், கீழே எண்ணெய், மேலே அடுக்குவதற்கு எடைத் தட்டுகள். எடையைப் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் அழுத்தம் வந்துவிடும். இதில் ஏமாற்ற வழியில்லை. அந்த அழுத்தத்தைக் கேஜின் முள் ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"இந்தக் கேஜை நம்பலாமா தம்பி?" என்று சார் கேட்டார். பக்கத்தில் இருந்த நண்பன், "முள்ளு ஜீரோவுல கரெக்டா நிக்குது சார்" என்றான். பள்ளியில் திருகு அளவிக்குச் சுழிப்பிழை பார்த்த பழக்கம்! சார் சிரித்துவிட்டு எடையை ஏற்றச் சொன்னார். 2 வைத்தால் முள் 2-க்குக் கொஞ்சம் கீழே. 4 வைத்தால் 3.8. 6-க்கு 5.7. 10 வைத்தபோது 9.5. எடையை இறக்கிக்கொண்டே வந்தால் மறுபடி பூஜ்யத்தில் வந்து சாதுவாக நின்றது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அதே எண்கள்.

"பார்த்தியா, மாறாம சொல்லுது. ஆனா தப்பாச் சொல்லுது. ரெண்டும் வேற வேற" என்றார் சார். நோட்டில் இதை நான் பெட்டி கட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, அந்த எடைத் தட்டுகள் சரி என்று யார் சொன்னது? அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் கொடுத்த ஆய்வகத்தின் எடை சரி என்று அதற்கும் மேலே ஒரு ஆய்வகம். இப்படியே ஏணி ஏறினால் புதுடில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். 1950-ல் திறந்த அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், ராமன் விளைவில் ராமனோடு உழைத்தவர். நம் நாட்டுக்குக் கிடைத்த 57-ம் எண் பிளாட்டினம் இரிடியம் கிலோ அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மேலே பாரீஸ் அருகே ஒரு உருளை இருந்தது. உலகத்துக்கே அதுதான் கிலோ. 2019 மே 20 முதல் அந்த உருளையும் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது கிலோவுக்கு அளவு பிளாங்க் மாறிலி. உலோகம் தேயும், மாறிலி தேயாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் விக்கிரமங்கலம். பெயரிலேயே சோழன் இருக்கிறான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சோழர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும், ரத்தினங்களை 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. எடை எவ்வளவு என்பதோடு எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் எழுதி வைத்தான் பாருங்கள்! நம் லேப் ரெக்கார்டில் கருவியின் எண்ணை எழுத மறந்தால் சார் ஏன் கையெழுத்துப் போடுவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்தும் எண்களும் மட்டும் தெரியும். ஒன்றரை ஏக்கரில் பருத்தி. உரத்துக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுக்கும் வியாபாரியே மாசியில் எலெக்ட்ரானிக் தராசோடு வந்து எடுத்துக்கொள்வார். இந்த மாசியில் நான் விடுமுறையில் இருந்தேன். முதல் மூட்டையைத் தூக்கி வைக்கும்போதே அப்பா, "அம்பது இருக்கும்" என்றார். தராசு 47.5 என்றது. அப்பா பேசவில்லை. மிஷின் சொன்ன பிறகு கை என்ன பேசும்?

மூட்டையை இறக்கினார்கள். தராசு 0.00 காட்டியது. எனக்கு அந்தப் பழைய கேஜ்தான் ஞாபகம் வந்தது. தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு ஓடி, முத்திரை வைத்த 5 கிலோ இரும்புக் கற்கள் நான்கை வாங்கி வந்தேன். "ஒரு தடவை வெச்சுப் பாக்கறேண்ணே" என்று பணிவாகத்தான் கேட்டேன். ஒரு கல்லுக்கு 4.75. இரண்டுக்கு 9.50. நான்குக்கு 19.00. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாலும் அதே 19.00. பிழை பூஜ்யத்தில் இல்லை, ஏற ஏறக் கூடவே ஏறுகிறது. குவிண்டாலுக்கு 5 கிலோ. கிலோ 70 ரூபாய் என்று வைத்தாலும் 350 ரூபாய்!

"பேட்டரி வீக்கா இருக்கும் தம்பி" என்றார் அவர். இருக்கலாம். தராசு எவ்வளவு தப்பு என்று கல் சொல்லும், ஏன் தப்பு என்று சொல்லாது. அதனால் நான் அவரைத் திருடன் என்று எழுதமாட்டேன். ஆனால் முத்திரையைப் பார்த்தேன். எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும் என்பது 2011-ல் வந்த எடையளவு விதி. நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை இதைப் பார்க்கிறது. முத்திரையில் ஆண்டும், காலாண்டுக்கு ஒரு எழுத்தும் இருக்கும். இந்தத் தராசில் இருந்த ஆண்டு 3 வருடத்துக்கு முந்தையது.

அப்பா என் தோளைத் தொட்டு, "விடுப்பா, முன்பணம் வாங்கியிருக்கோம்" என்றார் மெதுவாக. வியாபாரி அதிகம் பேசாமல் மறுநாள் வேறு தராசு கொண்டு வந்தார். அதே கற்களை வைத்தேன். 20.00. அதே முதல் மூட்டை 50.1 காட்டியது. அப்பாவின் கை 100 கிராம்தான் தவறியிருக்கிறது! லேபில் இப்படி ஒரு கருவி இருந்தால் நாம் கொண்டாடுவோம்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "போன வருஷமும் அதே தராசுதானாப்பா?"

இதற்குப் பாடத்தில் பதில் இருக்கிறது. ஒரு கருவி தப்பு என்று தெரிந்தால், அது கடைசியாகச் சரி என்று பார்த்த நாளிலிருந்து இன்றுவரை அளந்த எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. எல்லாம் தப்பு என்று அர்த்தமில்லை. பிழை என்றைக்கு நுழைந்தது, அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ஆனால் எதையும் சரி என்று சொல்ல முடியாது. ஃபேக்டரியில் இப்படி நடந்தால் அனுப்பிய சரக்கையே திரும்ப வாங்கிச் சோதிப்பார்கள். எங்கள் பருத்தி எந்த மில்லில் நூலாகி யார் வேட்டியாகி இருக்கிறதோ! இதை முடிந்தவரை வீட்டுப் பேச்சில் சொன்னேன்.

அம்மா எழுந்துபோய் மஞ்சள் பையை எடுத்து வந்தாள். 3 வருடத்து எடைச் சீட்டுகள். ஒன்றுகூடத் தொலையவில்லை. மொத்தம் 14. அப்பா ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்து எண்ணைப் படித்தார். "இத வெச்சுக் கேட்டா குடுப்பாங்களா?" என்றாள் அம்மா. அப்பா, "வர்ற வருஷம் உரத்துக்கு யாருகிட்ட போறது?" என்றார்.

சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு மறுபடி பைக்குள் வைத்தாள் அம்மா. கிழித்துப் போடவில்லை.