காலம் கெட்டுப்போன நாள்

மனைவி போனபின் தூக்கமும் போனது, பசியும் போனது. மகள்தான் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருந்துக்கடையில் கொடுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சிரித்துவிட்டேன். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"என்னப்பா?" என்றாள் பயந்துபோய்.

"இதோட எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கேம்மா."

மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். சிட்டலோபிராம் என்ற பழைய மருந்தில் ஒரே மூலக்கூறு வலது கை, இடது கை போல இரண்டு வடிவில் சரிபாதியாக இருக்கும். எடை ஒன்றுதான், அணுக்களும் அதேதான். ஆனால் வலதுகால் செருப்பு இடதுகாலுக்குப் பொருந்துமா? மனச்சோர்வுக்கு வேலை செய்வது 'எஸ்' வடிவம். அதை மட்டும் பிரித்தெடுத்ததே எஸ்சிட்டலோபிராம். அதில் 'ஆர்' எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளப்பது என் வேலை.

இதற்கென்றே ஒரு குழாய் உண்டு. செல்லுலோஸிலிருந்து செய்த பொருளைப் பூசிய சிலிக்காத் தூள் அடைத்தது. ஹெக்சேனும் ஐசோபுரோப்பனாலும் அதற்குள் ஓடும்போது ஒரு வடிவம் சற்றே ஒட்டிக்கொண்டு பிந்தி வரும். வரைபடத்தில் இரண்டு பீக் தெரியும். அந்தக் குழாயைக் 'காலம்' என்போம்.

ஒருநாள் முந்தைய வேலைக்குப் பயன்படுத்திய டெட்ராஹைட்ரோஃபியூரானை இயந்திரத்திலிருந்து சரியாகக் கழுவாமல் காலத்தை மாட்டிவிட்டேன். அது பூச்சையே கரைத்துவிடும். வாசலில் லாரி காத்திருந்த அவசரம். இரண்டு வடிவும் கலந்த கலவையை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் சரக்கை முதலில் ஓட்டினேன். ஒரே பீக். அற்புதமான சுத்தம்! பிறகு கணக்குக்காகக் கலவையை ஓட்டினேன். அதிலும் ஒரே பீக்.

கை சில்லிட்டது. காலம் செத்துவிட்டது. எதைப் போட்டாலும் சுத்தம் என்றுதான் சொல்லும்.

யாருக்கும் தெரியாது. பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். காலத்தின் விலை என் சம்பளத்தைவிட அதிகம். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். லாரி திரும்பிப் போனது. அவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுக் காலம் வந்து சோதித்தபோது சரக்கு நல்லதாகவே இருந்தது. ஆனாலும் தெரிந்து அனுப்புவது வேறு, தெரியாமல் அனுப்புவது வேறு.

இப்போது ஆறாவது வாரம். இரவில் நாலைந்து மணி நேரம் தூங்குகிறேன். நம் வயதுக்காரர்கள் இந்த மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைக்கிறோம். நான் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறேன். எங்கேயோ ஒருவர் கலவையை முதலில் ஓட்டிப் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில் விழுங்குகிறேன்.