சிறுதேரும் செய்தவர் பெயரும்

பெரியதைப் படைப்பதே அரிது. சிறியதைச் செய்வது எளிது என்று எண்ணுவோர் பலர். பெரிய பொருளில் மறைந்துவிடும் பிழை சிறிய பொருளில் மறைவதில்லை என்பதைக் கையால் செய்து பார்த்தவர்களே அறிவர்.

என் வீட்டுப் புத்தக அலமாரியில் 18 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்ணிற அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. வருவோர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்பர். "வாங்கியதன்று; செய்தது" என்பேன். "யார் செய்தது?" என்பது அடுத்த வினா. அந்த வினாவுக்கு நேர்மையான விடை சொல்ல எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அக்கதையை இம்மலரின் வாயிலாக மாணவத் தம்பி தங்கையரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நான் வளர்ந்தது நெய்வேலி நகரியத்தில். 1957-ஆம் ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு அங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்டு, நேரான சாலைகளும் நிழல் மரங்களுமாக அமைந்த அந்த ஊர், முதலில் தாளில் பிறந்து பின்னர் மண்ணில் எழுந்த ஊர் ஆகும். என் தந்தையார் சுரங்கத்தில் பிட்டராகப் பணியாற்றினார்.

சிறுவனாக இருந்தபோது ஒருமுறை சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வாளியும் 1400 லிட்டர் கொள்ளும் மாபெரும் சக்கர வாளி இயந்திரம், மேலிருந்து பார்க்கையில் யாரோ வைத்துவிட்டுப் போன விளையாட்டுப் பொருள் போலத் தோன்றியது. "எவ்வளவு சிறியது!" என்றேன். தந்தையார் சிரித்தார். "அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா, தம்பி? அது ஜீப்" என்றார். அந்த ஒரு சொல்லில் இயந்திரம் என் கண்முன்னே மலையாக வளர்ந்தது. ஒரு பொருளின் அளவை அறிய அருகில் மற்றொன்று வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றேன். அளவொப்பு மாதிரிகளின் மீது எனக்குப் பித்துப் பிடித்ததும் அன்றுதான்.

மாதிரிக் கார்கள் செய்வோர் பல அளவுகளைக் கையாள்கின்றனர். ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 24-இல் ஒரு பங்கு; ஏழு மில்லிமீட்டராகச் சுருக்கினால் ஏறத்தாழ 43-இல் ஒரு பங்கு. நான் 24-இல் ஒரு பங்கைத் தேர்ந்தேன். எங்கள் வட்டத்தில் நின்ற அம்பாசடர் ஒன்றை, அதன் ஓட்டுநரின் இசைவோடு தையற்காரரின் நாடாவால் அளந்தேன். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம் 18 சென்டிமீட்டராயிற்று. முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே இருந்த 2.46 மீட்டர், 10.3 சென்டிமீட்டராயிற்று.

கடையில் விற்கும் பாகங்களை வாங்கி ஒட்டுவது ஒரு முறை. ஒவ்வொரு பாகத்தையும் வெறும் பொருள்களிலிருந்து தானே செய்வது மற்றொரு முறை. அக்காலத்தில் எனக்கு முதல் முறைக்கு வழியில்லை. கலியாண முருங்கைக் கட்டையைக் காரின் வடிவில் செதுக்கி அச்சாக்கினேன். அதன்மேல் தாளைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, உலர்ந்தபின் கூட்டைப் பிரித்தெடுத்தேன். பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்தேன். அடித்தட்டு பால்மாவு டப்பாவின் தகரம். டயர்கள் தேய்ந்த ரப்பர் செருப்பு. சக்கர மூடிகள் டிக் பொத்தான்கள். பளபளக்கும் ஓரப் பட்டைகள் பற்பசைக் குழாயின் அலுமினியம். அம்மாவின் பழைய எக்ஸ்ரே படத்தைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கறுப்பைச் சுரண்டியபோது, இளநீலச் சாயலுடன் முன்கண்ணாடி கிடைத்தது.

இக்கலையில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையான காரின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் என்று கொண்டால், 24-இல் ஒரு பங்கில் அது நோட்டுப் புத்தகத் தாளைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய கூடு நிற்காது. எனவே கூட்டைத் தடிப்பாகவே செய்து, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சீவி மெலியச் செய்வர். அளவைக் காட்டுவதற்காகக் கண்ணை ஏமாற்றுவது இங்குக் குற்றமன்று. வேறோர் ஏமாற்று உண்டு. அதையும் நான் செய்தேன்.

எல்லாம் முடிந்தும் முன்சக்கரங்கள் மட்டும் என் கைக்கு வசப்படவில்லை. திருப்பு வட்டைச் சுழற்றினால் அவை திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வாரம் முயன்றேன். ஒரு சக்கரம் உருண்டால் மற்றொன்று இழுபட்டது. இரவுப் பணி முடிந்து வந்த தந்தையார் ஒருநாள் காலை இதைக் கவனித்தார். தரையில் சாக்கட்டியால் நான்கு சக்கரங்களை வரைந்தார். "வளைவில் உள்பக்கத்துச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கத்துச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. இரண்டும் ஒரே அளவு திரும்பினால் இழுபடாமல் என்ன செய்யும்?" என்று கேட்டார். பிறகு முன்சக்கரங்களின் திருகு முனைகளிலிருந்து பின் அச்சின் நடுப்புள்ளிக்கு இரண்டு கோடுகள் இழுத்து, "கைகள் இந்தச் சாய்வில் இருக்கட்டும், உள்சக்கரம் தானாகக் கூடுதலாகத் திரும்பும்" என்றார்.

எனக்குப் புரிந்தது, ஆனால் கை வரவில்லை. அவரே சைக்கிள் ஸ்போக்கையும் பித்தளைப் பட்டையையும் அறுத்து, அராவி, ஈயப் பற்று வைத்துச் செய்தார். உறங்க வேண்டிய நான்கு பகற்பொழுதுகளில் இரண்டிரண்டு மணி நேரம் அதற்குப் போயிற்று. சுரங்கத்தில் ஆள் உயர இரும்பைப் பிடித்த விரல்கள், வீட்டில் நெல்மணி அளவுள்ள திருகை மூச்சடக்கிப் பிடித்திருந்ததை இன்றும் காண்கிறேன்.

1987-இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்ட மாணவர்க்கான கைவினைப் போட்டி ஒன்றில் அக்காரை வைத்தேன். செய்பொருள் முழுவதும் மாணவரே செய்ததாக இருத்தல் வேண்டும் என்பது விதி. நடுவர் காரைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, அடிப்புறத்தை நெடுநேரம் பார்த்தார். நுனிவிரலால் திருப்பு வட்டைச் சுழற்றினார். சக்கரங்கள் அழகாகத் திரும்பின.

"தம்பி, இதையும் நீயேதான் செய்தாயா?"

"ஆம் ஐயா."

தந்தையார் என் பின்னால் இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தார்.

முதற்பரிசு எனக்குக் கிடைத்தது. இரண்டாம் பரிசு, பனை நாரும் மூங்கிலும் கொண்டு மாட்டுவண்டி செய்திருந்த ஒரு சிற்றூர் மாணவனுக்கு. பேருந்தில் திரும்பும்போது தந்தையார் கார்ப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். வெகுநேரம் கழித்து, "பற்று எங்கும் விட்டுப்போகவில்லையே?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் கடிந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

பின்னாளில் இத்துறை பற்றித் தேடிப் படித்தபோது, பல நாடுகளில் இது எத்துணைச் சிறப்பாகப் போற்றப்பட்டது என்பதை அறிந்தேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு மாதிரி வண்டிப் போட்டிகளை நடத்தியது. தொடக்கத்தில் அரச வண்டி ஒன்றின் மாதிரி; பின்னர்ச் சிறுவர்களே கற்பனை செய்த கார்கள். வென்றோர்க்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. 1947-இல் அதில் வென்ற சக் ஜோர்டன், 1986-இல் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைத் துணைத்தலைவரானார். இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்பவர், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதிக்கேற்பத் தம் மகளுக்குப் பித்தளையில் ஒரு சாலை உருளையைச் செய்து கொடுத்தார். 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்த கதை இதுவே என்பர். அங்கும் ஒரு தந்தையின் கை!

என் தந்தையார் சாக்கட்டியால் வரைந்த அந்தச் சாய்வுக் கோடுகளுக்கும் ஒரு வரலாறு இருந்தது. உலகம் அதனை 'அக்கர்மன் அமைப்பு' என்று அழைக்கிறது. ஆனால் அதைக் கண்டவர் அக்கர்மன் அல்லர்; ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான லாங்கன்ஸ்பெர்கர். 1818-இல் இலண்டனில் அவருடைய முகவராக இருந்து காப்புரிமை பெற்றவரே அக்கர்மன். செய்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். இதைப் படித்தபோது எனக்கு எவரோ ஒரு வெளிநாட்டாரின் நினைவு வரவில்லை. இரண்டு முழ தூரத்தில் நின்றவரின் நினைவே வந்தது.

எனினும் என்னைத் திருத்தியது தமிழ் வகுப்பறை. 1992-இல் கல்லூரியில் குறுந்தொகையின் 61-ஆம் பாடல் நடந்தது. சிறுவர்கள் சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே இன்புறுவர் என்பது அதில் வரும் உவமை. ஆசிரியர் ஒரு வினாவை எழுப்பினார்: "இன்புறுவோர் சிறுவர், பொருள் தேர். அப்படியிருக்க, அத்தேர் ஒரு தச்சன் செய்தது என்பதைப் புலவர் ஏன் சொல்ல வேண்டும்?" வகுப்பில் எவரும் விடை கூறவில்லை. எனக்கு விடை தெரிந்திருந்தது; வாய் திறக்க நாணினேன். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் உருள்கிறது. பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு. இஸ்லாமியப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். இத்தனை தேர்களுக்கு நடுவே, செய்தவனை மறவாத அந்த ஒரு சொல் என் நெஞ்சைத் தைத்தது.

அந்த விடுமுறையில் நெய்வேலிக்குச் சென்றதும் காரைக் கவிழ்த்தேன். சிறு தாள் ஒன்றில், "சக்கரம் திருப்பும் அமைப்பு: என் தந்தையார் செய்தது" என்று எழுதி, அடித்தட்டில் ஒட்டினேன். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை அணிந்து அவர் அதை ஒருமுறை படித்தார். பிறகு காரை நிமிர்த்தி, திருப்பு வட்டைச் சுழற்றிப் பார்த்தார். "பெயர் கிடக்கட்டும், தம்பி, இடப்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விடு" என்றார். அவருக்குச் சக்கரம் திரும்புவதே போதுமானதாக இருந்தது. எனக்கு அது போதவில்லை.

தந்தைக்குச் செய்த பிழையை ஒரு சிறு தாளால் ஓரளவு நேர்செய்துவிட்டேன். பனை நாரில் வண்டி கட்டிய அந்த மாணவனுக்குச் செய்த பிழையை எப்படி நேர்செய்வது? எவர் உதவியுமின்றி அவன் செய்திருந்தால் முதற்பரிசு அவனுடையது. அக்கடன் இன்னும் என்மேல் நிற்கிறது.

1999-இல் தந்தையார் ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்தோம். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. தந்தையாரும் இன்று இல்லை. அலமாரியில் நிற்கும் அச்சிறுதேரின் சக்கரங்கள் மட்டும் இன்றும் திரும்புகின்றன.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! நீங்கள் கண்காட்சிக்குப் பொருள் செய்வீர்கள், ஆய்வேடு எழுதுவீர்கள், நாளை பெரும் பணிகளையும் ஆற்றுவீர்கள். எதையும் தாமே செய்ய முயல்வது உயர்ந்த பண்பு. ஆனால் எவர் கையும் படாமல் எவரும் எதையும் செய்து முடிப்பதில்லை. "இதையும் நீயேதான் செய்தாயா?" என்று ஒருவர் கேட்கும்போது, ஒரு கணம் திரும்பிப் பின்னால் நிற்பவரைப் பாருங்கள். பரிசு ஒருபடி குறையலாம். ஆயினும் வீடு திரும்பும் பேருந்தில் அவரோடு இயல்பாகப் பேசிக்கொண்டு வரலாம்.