ஒன்றைப்போல் ஒன்று

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் இல்லங்களில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. செய்தித்தாள்களும் திரைப்படங்களும் அதனை நமக்கு அவ்வாறுதான் அறிமுகப்படுத்தியுள்ளன. ஆயினும் அதே துப்பாக்கி, பொறுமையையும் மன அடக்கத்தையும் அளந்து பார்க்கும் விளையாட்டுக் கருவியாகவும் விளங்குகின்றது. 2008 ஆகஸ்ட் 11ஆம் நாள் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா, தனிநபர் பிரிவில் நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற செய்தியைப் படித்த பிறகே, எங்கள் மகள் தன் ஆசையைத் தாயிடம் வாய்திறந்து சொன்னாள்.

நாங்கள் போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தைச் சேர்ந்தவர்கள். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயைத் தரம் பிரித்துக் கொடுப்பது என் தொழில். மகள் மதுரையில் தங்கிக் கல்லூரியில் படிக்கின்றாள். அங்குள்ள ஒரு பயிற்சிக் களத்தில், மன்றத்துக்குச் சொந்தமான பழைய ரைபிளைக் கொண்டு இரண்டு ஆண்டுகளாகப் பழகி வந்தாள். அடுத்த நிலைப் போட்டிக்குத் தேவையான தகுதிப் புள்ளிக்கு நான்கைந்து புள்ளிகள் குறைவாகவே ஒவ்வொரு முறையும் வந்து நின்றாள். "வெளிநாட்டு ரைபிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள், இல்லையேல் இந்த முயற்சியை விட்டுவிடுங்கள்" என்றார் அறிந்தவர் ஒருவர். அதன் விலை இரண்டு இலட்சத்துக்கும் மேல். எங்களிடம் இருந்ததோ அவள் தம்பியின் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் மட்டுமே. ஒரு பிள்ளையின் ஆசைக்காக மற்றொரு பிள்ளையின் படிப்பில் கை வைப்பதா என்ற கேள்வி, சில வாரங்கள் எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது. அப்போதுதான் அவளுடைய பயிற்சியாளர், "ரைபிளை மாற்றுமுன் ரவையைச் சோதித்துப் பார்ப்போம்" என்று கூறினார்.

அரை மில்லிமீட்டர்ப் புள்ளி

இந்தப் போட்டியின் இலக்கை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவை. 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி, அரை மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. சுடும் ஈய ரவையின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். ரவையின் நடு, இலக்கின் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9 புள்ளிகள், அதற்கு அப்பால் ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும். மொத்தம் 60 முறை சுட வேண்டும். எனவே ஒவ்வொரு சுடுதலிலும் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் முன்னேறினால் மொத்தத்தில் 6 புள்ளிகள் கூடிவிடும். என் மகளுக்குக் குறைந்தது அதனினும் சிறிய அளவே. அந்தச் சிறிய அளவைத் தின்பது அவள் கையா, ரைபிளா, ரவையா என்பதே நாங்கள் விடை காண வேண்டிய வினாவாயிற்று.

மேலை நாடுகளில் நீண்ட தொலைவு இலக்குகளைச் சுடுவோர் பலர், தங்கள் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக் கொள்கின்றனர். வெடிமருந்தை நுண்ணிய தராசில் நிறுத்து, குண்டை எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்பதையும் அளந்து, சிறு சிறு மாற்றங்களுடன் பல தொகுதிகள் செய்து சுட்டுப் பார்த்து, தம் ரைபிளுக்கு உகந்தது எதுவெனக் கண்டறிவர். நம் நாட்டில் உரிமம் இன்றித் தோட்டா செய்வதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கின்றது. வீட்டில் முயலத் தக்க வேலையும் அன்று அது. ஆனால் அந்த முயற்சியின் உயிர்நாடியான சோதனை முறை எல்லோருக்கும் பொதுவானது. 50 மீட்டர் போட்டிக்குரிய .22 தோட்டாவைச் சுட்டபின் மீண்டும் நிரப்ப இயலாது. ஆகவே அதனைச் சுடும் வீரர்கள், இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள எலி போன்ற தொழிற்சாலைகளில் தங்கள் ரைபிளைப் பிடிப்பானில் பொருத்தி, பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தமக்கு ஒத்துவரும் தொகுதியை வாங்கிக் கொள்கின்றனர். ஏர் ரைபிளில் வெடிமருந்தே இல்லை. அழுத்திய காற்றே ரவையைத் தள்ளுகின்றது. எனினும் ரவையின் தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என வெவ்வேறு அளவுகளில் செய்யப்படுவதால், குழலுக்கு ஏற்ற ரவையைத் தேடும் கடமை நீங்குவதில்லை.

அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர், குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறுவது ஏன் என்ற ஒரே கேள்விக்குத் தம் வாழ்நாளில் பல்லாண்டுகளைச் செலவிட்டார். மனிதக் கையின் நடுக்கம் குறுக்கிடாதிருக்கக் குழலை அசையாத தளத்தில் அமர்த்திச் சுட்டுப் பார்த்து, தம் முடிவுகளை 1909இல் நூலாக வெளியிட்டார். குண்டின் முனை சிதைந்திருப்பதைவிட அதன் அடிப்பகுதி சிதைந்திருப்பதே மிகுந்த கேட்டைத் தருகின்றது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. ஈய ரவையின் அடிப்பகுதி பாவாடைபோல் விரிந்த மெல்லிய விளிம்பு. டப்பா கீழே விழுந்தாலே அது நசுங்கிவிடும்.

தராசும் சல்லடையும்

ரவையைத் தரம் பிரிக்க வேண்டும் என்றபோது எனக்கு அது புதிய வேலையாகத் தோன்றவில்லை. ஏலக்காயைச் சல்லடையில் இட்டு மில்லிமீட்டர் கணக்கில் பிரிப்பதும், ஒரு லிட்டர் அளவைக்கு எத்தனை கிராம் நிற்கின்றது என நிறுத்துப் பார்ப்பதும், வெடித்த காயையும் நிறம் மாறிய காயையும் பெண்கள் கையால் பொறுக்கி நீக்குவதும் எங்கள் ஊர்ப் பக்கம் அன்றாடம் நடப்பவை. பெரிய காய் சில கலந்திருப்பதால் மூட்டைக்கு விலை கூடுவதில்லை. எல்லாக் காயும் ஒன்றைப்போல் ஒன்று இருந்தால்தான் கூடுகின்றது.

நால்வகை ரவைகளில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐம்பது எடுத்து, நகை நிறுக்கும் தராசில் நிறுத்தோம். பயிற்சிக்கென வாங்கும் மலிவான டப்பாவில், மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் 20 மில்லிகிராம் வேறுபாடு இருந்தது. போட்டிக்குரிய ரவைகளில் அது 5 மில்லிகிராமைத் தாண்டவில்லை. ஒரு ரவையின் எடையே ஏறத்தாழ 530 மில்லிகிராம்தான். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் ரவை, 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தாழ்கின்றது. எடை மாறினால் வேகம் மாறும். வேகம் நூற்றில் ஒரு பங்கு மாறினாலும் ரவை விழும் இடம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இதனைக் கண்ட என் தாயார், "ஏம்ப்பா, கல்யாண நகைக்குக்கூட நீ இப்படி நிறுத்துப் பாக்கலையே!" என்று சிரித்தார்கள்.

பின்னர் பயிற்சியாளர் ரைபிளைப் பிடிப்பானில் இறுகப் பொருத்தினார். வகைக்குப் பத்து வீதம் மாற்றி மாற்றி, மூன்று சுற்றுகள் சுடுவதென முடிவாயிற்று. முதற் சுற்றில் விலை மிகுந்த டப்பாவே மிக நெருங்கிய கூட்டத்தைத் தந்தது. "இதுதான் அத்தா, இதையே வாங்கிடலாம்" என்று துள்ளினாள் மகள். மூட்டையின் மேல்வாயில் உள்ள ஒரு பிடிக் காயைப் பார்த்து விலை சொல்பவன் ஏல வியாபாரி அல்லன் என்று அவளுக்கு நினைவூட்டினேன். எஞ்சிய இரண்டு சுற்றுகளில் அந்த ரவை சிதறத் தொடங்கி, மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. மூன்று சுற்றிலும் மாறாமல் நின்றது, நடுத்தர விலையுள்ள 4.50 அளவு ரவை ஒன்றே. அவள் அதுவரை சுட்டு வந்த ரவையின் கூட்டம் 5 மில்லிமீட்டர் அகன்றிருந்தது. இதனுடையது அதில் பாதி. மற்றொரு ரைபிளுக்கு இதே முடிவு வரும் என்று சொல்ல இயலாது. இந்தக் குழலுக்கு இந்த ரவை, அவ்வளவே.

பழைய ரைபிள் குற்றமற்றது என்று தெளிவாயிற்று. தம்பியின் படிப்புப் பணம் தொடப்படாமல் அப்படியே இருக்கின்றது. அத்துடன் என் மகளுக்கு இன்னொன்றும் விளங்கிற்று: ரவை இத்துணை ஒழுங்காக விழும்போது, இனி விலகும் ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் மூச்சும் விரலும்தான் பொறுப்பு. அன்று மாலை அவள் அதிகம் பேசவில்லை. மறுவாரம் முதல் காலைப் பயிற்சியை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கிவிட்டாள். அடுத்த இரண்டு பயிற்சிப் போட்டிகளில் தகுதிப் புள்ளியை ஒரு முறை தொட்டாள். ஒரு முறை ஒரு புள்ளியில் தவறவிட்டாள். மாநிலப் போட்டி இன்னும் வரவில்லை. "இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்" என்கிறாள்.

பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு இரண்டு செய்திகளைச் சொல்லி முடிக்கின்றேன். ரவை ஈயத்தால் ஆனது; அதைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது; வீட்டில் ரைபிள் இருப்பின் அதற்குப் பூட்டும் தேவை. மற்றொன்று, கருவி போதவில்லை என்று பிள்ளை சொல்லும்போது உடனே பணப்பையைத் திறக்கவும் வேண்டாம். உடனே கடிந்து மறுக்கவும் வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து, அளந்து, நிறுத்து, மூன்று முறை சோதித்துப் பாருங்கள். அந்தச் சில மணி நேரங்களில் என் மகளிடம் நான் பேசியது, அதற்கு முந்திய ஓராண்டில் பேசியதைவிட அதிகம்.