பரங்கிக் கொடியும் பக்கத்து வரப்பும்

எங்க விழுப்புரம் பக்கம் பூசணின்னா சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி. உள்ளே மஞ்சளா இருக்கறது பரங்கிக்காய். மதுரைக்காரங்க சண்டைக்கு வரவேண்டாம், இந்தப் பதிவு முழுக்க பரங்கிதான் :-) பேர்லயே இருக்கு பாருங்க, அமெரிக்காவில இருந்து கடல் தாண்டி வந்த காய். மார்கழிக் கோலத்து நடுவுல சாணி உருண்டையில அதோட பூவைச் செருகிச் செருகி நம்ம ஊர்க்காரியாவே ஆக்கிட்டோம். ஆனா அதைத் தின்ன வர்ற பூச்சிங்க ரெண்டும் நம்ம பக்கத்து ஆளுங்கதான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல எங்களுக்கு அறுபது சென்ட் நிலம். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா மருந்து அடிச்சிட்டு வந்து தலை சுத்தி விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்தினாங்க. அதோட அம்மா ஒரே முடிவா சொல்லிட்டாங்க, "இனிமே அந்த டப்பா நம்ம வாசப்படி தாண்டக் கூடாது. காய் போனா போவுது."

"போனா போவுதா? விதைக்கும் டிராக்டருக்கும் உங்கப்பனா குடுப்பாரு?"ன்னு அப்பா.

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். சென்னையில பொட்டி தட்டற எனக்கு பூச்சி பிடிக்கறதுதான் தொழில்ங்கறதால, சனி ஞாயிறு இந்த வேலை என் தலையில விழுந்தது.

முதல் எதிரி சிவப்பு வண்டு. விதை முளைச்சு ரெண்டு இலை விட்ட உடனே வந்துடும். சல்லடை மாதிரி இலையை ஓட்டை போடும். இந்த வயசுல கொடி போச்சுன்னா மறுபடி விதைக்கணும். அதோட புழு மண்ணுக்குள்ள இருந்துக்கிட்டு வேரைத் தின்னும். இதுக்கு எங்க ஆயா காலத்து வைத்தியமே போதும்: அடுப்புச் சாம்பல். தை மாசம் விடிகாலையில இலை மேல பனி ஈரம் இருக்கும்போது தூவினா ஒட்டிக்கும். அந்த நேரத்துல வண்டும் குளிர்ல மந்தமா இருக்கும், கையாலயே பொறுக்கி சோப்புத் தண்ணியில போட்டுடலாம். மழை பெஞ்சா சாம்பல் போயிடும், திரும்ப தூவணும். அறுவடை முடிஞ்சதும் ஒரு உழவு ஓட்டிட்டா மண்ணுக்குள்ள இருக்கறது வெயில்லயும் காக்கா வாயிலயும் போகும். ஒரு எச்சரிக்கை: சாம்பலுக்குப் பதிலா கந்தகப் பொடி தூவலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பரங்கிக் குடும்பத்துக்கு அது ஆகாது, இலை கருகிடும்.

அடுத்தது வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில உதிர்ற கொட்டையைப் பொறுக்கி, நிழல்ல காய வெச்சு, ஓட்டை எடுத்து இடிச்ச பருப்பு 5 கிலோ. துணியில கட்டி ராத்திரி முழுக்க தண்ணியில ஊற வெச்சு, காலையில பிழிஞ்சு, 100 லிட்டர் ஆக்கணும். பத்து லிட்டர் டேங்குக்கு அரை கிலோன்னு கணக்கு. ஒட்டறதுக்கு கொஞ்சம் சோப்பு. சாயங்காலம்தான் அடிக்கணும். ஏன்னா இதுல வேலை செய்யற அசாடிராக்டின் வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சிடும். இன்னொரு காரணம், பரங்கிப் பூ காலையிலதான் விரியும், தேனீ வர்ற நேரம் அது. தேனீ வரலைன்னா பெண் பூ பிஞ்சாகாம வெம்பிடும். பூச்சியை விரட்டறேன்னு தேனீயையும் விரட்டினா கதை கந்தல்.

வேப்பங்கொட்டை ஏதோ பாட்டி வைத்தியம்னு நினைக்காதீங்க. டெல்லியில பிரதான்னு ஒரு பூச்சியியல் விஞ்ஞானி, வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்ச பயிரை வெட்டுக்கிளி தொடறதில்லைன்னு 1962லயே காட்டியிருக்கார்.

இது வரைக்கும் எங்களுக்கு ஜெயம்தான். ரெண்டாவது எதிரிதான் கண்ணுல விரலை விட்டு ஆட்டுச்சு: பழ ஈ.

இந்த ஈ பிஞ்சு காய்த் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிஞ்ச புழு காய்க்குள்ளயே தின்னு வளரும். வெளிய நீங்க எதை அடிச்சாலும், மருந்தோ வேம்போ, புழு மேல படாது. வேம்போட நாத்தத்துக்கு ஈ முட்டை வைக்கத் தயங்கும், அவ்வளவுதான். காய் அழுகி, புழு மண்ணுல இறங்கி, கூட்டுப்புழுவாகி, திரும்ப ஈயா வரும். அப்போ அடிக்க வேண்டிய இடம் மூணு: பிஞ்சைப் பேப்பரால மூடறது, அழுகின காயைப் பொறுக்கி ஆழமாக் குழி தோண்டிப் புதைக்கறது, ஈயைப் பொறியில பிடிக்கறது.

பொறி வாங்கும்போது கவனம் மக்களே. மாம்பழ ஈக்கு வைக்கற மெத்தில் யூஜினாலுக்கு இந்த ஈ வராது. இதுக்கு கியூ லூர்னு கேட்டு வாங்கணும். ஏக்கருக்கு பத்து பொறி. சந்தேகம்னா திண்டிவனத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, போய்க் கேக்கலாம்.

பொறியில ஈ குவிஞ்சது. ஆனாலும் காய் அழுகறது நிக்கலை. காரணம் ரெண்டு. பொறியில விழறது ஆண் ஈ மட்டும். அடுத்தது பக்கத்து நிலம். அங்கே பந்தல்ல பாகற்காய், சொத்தைக் காயெல்லாம் எங்க வரப்போரமாவே குவியல். ஈக்கு ஏது வரப்பு?

ஜப்பானோட ஓகினாவா தீவுகள்ல இதே ஈயை ஒழிச்ச கதை உண்டு. ஈக்களைக் கதிர்வீச்சால மலடாக்கி, கோடிக்கணக்குல பறக்க விட்டாங்க. முதல்ல குமே தீவு, 1978. எல்லாத் தீவுலயும் முடிக்க 1993 ஆச்சு. அதுக்கப்புறம்தான் அவங்க உயிரா நினைக்கற பாகற்காயைத் தடையில்லாம ஜப்பானோட மத்த பகுதிக்கு அனுப்ப முடிஞ்சது. அந்த வசதி நமக்கு இல்லை. ஆனா தீவு முழுக்க ஒண்ணா இறங்கினாதான் தீரும்ங்கற பாடம் அறுபது சென்ட்டுக்கும் பொருந்தும்.

பக்கத்து நிலத்துப் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு கிணத்துத் தகராறுல நாலு வருஷமா பேச்சு கிடையாது. நான் ரெண்டு பொறியை எடுத்துக்கிட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஈ விழுமாடா தம்பி?"

"விழும் பெரியப்பா. ஆனா அந்தக் குவியலைப் புதைச்சாதான் உங்க பாகலும் தப்பிக்கும்."

அடுத்த வாரம் போனப்போ வரப்போரம் ஒரு குழி இருந்தது. அதுல எங்க பரங்கியும் கிடந்தது, அவர் பாகலும் கிடந்தது. தோண்டினது யாருன்னு அம்மாகிட்ட கேட்டேன். "ரெண்டு பேரும்தான், பேசிக்காமலேயே"ன்னு சிரிச்சாங்க.

அந்த வருஷம் சேதம் இருந்தது, ஆனா விதைக்காசும் டிராக்டர் கூலியும் திரும்பி வந்துடுச்சு. மருந்து டப்பா இன்னும் வாசப்படி தாண்டலை. உங்க ஊர்ல பழ ஈக்கு வேற என்ன கைவைத்தியம்னு தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்க. அப்படியே கிணத்துத் தகராறுக்கும் ஏதாவது கரைசல் இருந்தா ரொம்ப நல்லது :-)