பால் மரக் கட்டையில் ஒரு படச் சட்டம்

தங்காக் டோல் சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மூவார் பக்கம் திரும்பினால், லெடாங் மலை பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குள் போய்விடும். சாலையின் இரு பக்கமும் செம்பனை. முன்பு இங்கெல்லாம் பால் மரந்தான் என்று காரில் யாராவது ஒருவர் சொல்லாமல் அந்த வழியைக் கடப்பதில்லை. எங்கள் காரில் அதைச் சொன்னவர் அத்தை. அவர் சொன்னால் அது பெருமூச்சு இல்லை, சாட்சி. இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 32 ஆண்டுகள் மரம் சீவியவர்.

மூவாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடத்தான் போவார்கள். மீ பண்டுங், ஒத்தாக் ஒத்தாக், ஆற்றோரக் காற்று. குறை சொல்வதற்கில்லை, நாங்களும் சாப்பிட்டோம். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. நாட்டின் தளவாடத் தொழில் பெருமளவில் குவிந்திருப்பது மூவார் வட்டாரத்தில்தான். பாக்ரி பக்கம் வண்டியைத் திருப்பினால் கட்டில், நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக வரும். அங்கே அறுபடும் கட்டையில் பெரும்பகுதி பால் மரம்.

இதைப் பலர் நம்புவதில்லை. பால் வற்றிய மரத்துக்கு நம் தோட்டங்களில் இருந்த மரியாதை தெரிந்ததுதான். சுமார் 25, 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு மரத்தைச் சாய்ப்பார்கள். லயத்து அடுப்புக்கும், செங்கல் சூளைக்கும், ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூண்டுக்கும் அது விறகு. காரணமில்லாமல் இல்லை. பால் மரக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் ஏறும், வண்டு துளைக்கும். அறுத்த கையோடு போரான் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே அது தளவாட மரமாயிற்று. 1980களில் அந்தத் தொழில் வேகமெடுத்தது. அதே காலத்தில்தான் பல தோட்டங்களில் பால் மரம் செம்பனைக்கு வழிவிட்டது. மரம் ஏற்றுமதிச் சரக்காக ஊர் விட்டுப் போனது. மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறின. இரண்டில் எதற்கு நல்ல வாழ்வு கிடைத்தது என்பதை அவரவர் குடும்பத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

நான் போனது ஒரு படத்துக்காக. என் பாட்டி, அதாவது அத்தையின் அம்மா, தோளில் காண்டாக் கம்போடும் இரண்டு வாளியோடும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். உள்ளங்கை அளவே இருந்ததை எட்டுக்குப் பத்து அங்குலமாகப் பெரிதாக்கினோம். சட்டம் போட ஒரு கடையில் விசாரித்தபோது எடுத்துக் காட்டியதெல்லாம் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக். பாட்டியைச் சுற்றி அதை வைக்க மனம் வரவில்லை.

பாக்ரிக்கு அருகே ஒரு சிறிய பட்டறையில் துண்டுக் கட்டைகளைக் கட்டுக் கட்டாக வெளியே வைத்திருந்தார்கள். "காயு கெத்தா?" என்று கேட்டதும் சீனப் பெரியவர் தலையாட்டினார். அரை அங்குலத் தடிப்பு, ஆறடி நீளம். ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஒன்று, ஓர் அங்குல அகலத்தில் ஒன்று. இரண்டும் சேர்த்துப் பத்து வெள்ளி. இளம் சந்தன நிறம், ஆங்காங்கே ரோஜாச் சாயல்.

அத்தை ஒன்றை வாங்கி விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷத்துக்கு மேல இந்த மரத்தோட இருந்தேன். கட்டைய ஒரு நாளும் தொட்டதில்லப்பா. தொட்டா மரம் காயமாயிடுமே."

பால் ஓடும் நாளங்கள் பட்டையில்தான் இருக்கின்றன, கட்டையில் இல்லை. அவை நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம். நல்ல பால் வேண்டுமானால் கத்தி ஆழமாகப் போக வேண்டும். ஆனால் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னே நின்றுவிட வேண்டும். தாண்டினால் காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், மறுசீவலுக்கு உதவாது. விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கைக்கணக்கில் காப்பாற்றியவர்களைத்தான் நாம் படிப்பில்லாத கூலிகள் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

இனி சட்டத்துக்கு வருவோம். வீட்டுக் கூடத்தில் பழைய நாளிதழை விரித்துச் செய்யக்கூடிய வேலைதான்.

கடைச் சட்டங்களின் உள்விளிம்பில் கண்ணாடி உட்கார ஒரு படி வெட்டியிருக்கும். அதற்கு இயந்திரம் வேண்டும். நமக்குச் சுலபவழி இரண்டு பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது. அகலமானது முன்னால், குறுகியது பின்னால், வெளிவிளிம்புகள் சமமாக. உள்பக்கம் கால் அங்குலப் படி தானே கிடைத்துவிடும். மரப் பசை தடவி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றி ஓர் இரவு விட்டேன். பால் மரத்தைப் பிடித்துவைக்க ரப்பரே பொருத்தம்.

எட்டுக்குப் பத்து படத்தைச் சுற்றி வெள்ளை அட்டை விளிம்பு வைத்தால் மொத்த அளவு 12க்கு 14 அங்குலம். இந்த அட்டையை அழகுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரியும். அட்டை இரண்டுக்கும் நடுவே இடைவெளி தருகிறது. அமிலமில்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். படி அளவில் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதல் விட்டால் எல்லாம் இறுக்கமில்லாமல் உட்காரும். அப்படிப் பார்த்தால் பட்டிகளின் வெளிநீளம் 14⅛, 16⅛ அங்குலம், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆறடிக் கட்டை தாராளம்.

மூலைகள் 45 பாகையில் அறுபட வேண்டும். வன்பொருள் கடையில் கோண அறுப்புப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. எதிரெதிர்ப் பட்டிகள் மயிரிழையும் வேறுபடக் கூடாது. கோணம் சரியாக இருந்தும் மூலை வாய் பிளப்பதற்குப் பெரும்பாலும் நீளம்தான் காரணம். அறுத்த முனை பசையைக் குடிக்கும், ஆகவே முதலில் மெல்லிதாக ஒரு பூச்சு, சற்று ஊறியதும் இன்னொன்று. நான்கையும் சேர்த்துச் சுற்றிலும் டியூப் நாடாவால் கட்டி, குறுக்கு அளவுகள் இரண்டையும் பாருங்கள். அவை சமமானால் சட்டம் சதுரம். ஆணி அடிப்பதானால் முதலில் துளையிட வேண்டும், பால் மரம் முனையில் சட்டென்று பிளக்கும்.

120 எண் உப்புத்தாள், பிறகு 240. கடைசியில் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு, பின்புறத்திலும்தான். ஈரம் இந்த மரத்துக்கு ஆகாது. தேக்கு நிறம் ஏற்றலாமே என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. பால் மரம் பால் மரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் கீழ் மூலைகளில் சிறிய ரப்பர் குமிழ்கள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

மாட்டிய அன்று அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். பாட்டியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவர் பார்வை மூலையில் ஓடிய சாய்கோட்டுக்குப் போனது. விரல் நகத்தால் அதை மேலிருந்து கீழாக இழுத்தார்.

"சாய்வு ரொம்ப அதிகம்பா. இப்படிச் சீவினா மண்டோர் திட்டுவாரு."