படம் முடிந்த பிறகு

மெயின் பிக்சருக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீலை ஒரு தலைமுறை மறந்திருக்காது. வெள்ளச் சேதம், அணைத் திறப்பு விழா, பின்னணியில் கனத்த குரல். வெளியே நின்று சிகரெட்டை முடிக்க வசதியான நேரம் அது. 1948ல் தொடங்கி 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. கூட்டம் இருந்தது, பார்ப்பவர்கள்தான் குறைவு.

இதற்கு நேர்மாறான கூட்டம் பல்கலைக்கழக அரங்குகளில் சேர்ந்தது. ஆவணப்படத்துக்கென்றே கிளம்பி வருகிற கூட்டம். டில்லியின் ஜாமியா மில்லியா இஸ்லாமியா இதற்கு நல்ல உதாரணம். துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கித்வாய், கனடாவின் ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் பெவரிட்ஜின் துணையோடு 1982ல் அங்கே மாஸ் கம்யூனிகேஷன் ரிசர்ச் சென்டரைத் தொடங்கினார். படமெடுக்கக் கற்றுத் தரும் இடம், படம் பார்க்கவும் கற்றுத் தந்தது.

அங்கு படித்த பெண்கள் எண்பதுகளின் நடுவில் 'மீடியா ஸ்டார்ம்' என்ற குழுவை அமைத்தார்கள். ஷா பானு தீர்ப்பை அடுத்து வந்த முஸ்லிம் பெண்கள் சட்டம் பற்றி ஒரு படம். 1987ல் ராஜஸ்தானில் ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்துபோனது பற்றி இன்னொன்று. அந்தக் குழுவில் ஒருவரான சபீனா கடியோக் 1998ல் எடுத்த படம், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவைப் புதிய தலைமுறையின் முன் நிறுத்தியது. சுதந்திர இந்தியாவின் பிறப்பைப் படமெடுத்த ஹோமாய், 1970ல் கேமராவைக் கீழே வைத்தவர்.

இத்தகைய படங்களுக்காக எந்தத் தியேட்டரும் காத்திருக்கவில்லை. ப்ரொஜக்டரும், ஒரு வெள்ளைத் திரையும், 'அனைவரும் வருக' என்ற போஸ்டரும்தான் அவற்றின் வினியோக ஏற்பாடு. ஆனால் இந்த அரங்குகளின் விசேஷம் படத்தில் மட்டும் இல்லை. விளக்குகள் எரிந்த பிறகுதான் விஷயமே ஆரம்பமாகும். படம் ஐம்பது நிமிடம் என்றால் வாக்குவாதம் ஒன்றரை மணி நேரம். "இவர்களைக் காட்டி நீங்கள் பரிசு வாங்கினீர்கள், இவர்களுக்கு என்ன கிடைத்தது?" என்று முதலாண்டு மாணவி கேட்பாள். இயக்குநர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சப்டைட்டிலில் வந்தது வேறு, அந்தக் கிழவி சொன்னது வேறு. அது எங்கள் ஊர்ப் பேச்சு" என்பார். அவர் மாணவரும் அல்ல, பேராசிரியரும் அல்ல. போஸ்டரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்.

அந்தப் போஸ்டரில்தான் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1952ம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஆவணப்படத்துக்கும் விலக்கில்லை. 2004 மும்பை சர்வதேச விழாவுக்கு வரும் இந்தியப் படங்களுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று அறிவித்தபோது, இயக்குநர்கள் 'விகல்ப்' என்ற மாற்று விழாவையே நடத்திக் காட்டினார்கள்.

சான்றிதழ் இருந்தாலும் நிம்மதியில்லை. ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' தணிக்கையைத் தாண்டிய படம், தேசிய விருது பெற்ற படம், நீதிமன்ற உத்தரவின்பேரில் தூர்தர்ஷனே ஒளிபரப்பிய படம். அதை 2019 ஆகஸ்டில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் திரையிட்டபோது போலீசார் நுழைந்து நிறுத்தினார்கள். சிலரைப் பிடித்துச் சென்றார்கள். அனுமதி பெறவில்லை என்பது காரணம்.

2023 ஜனவரியில் குஜராத் கலவரம் பற்றிய பி.பி.சி. படத்துக்காக மாணவர்கள் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கூடியபோது மின்சாரம் போனது. மறுநாள் ஜாமியாவில் திரையிடலுக்கு முன்பே மாணவர்கள் சிலர் போலீஸ் காவலில் இருந்தார்கள். ஜே.என்.யூ. மாணவர்கள் இருட்டில் செல்போனிலும் லேப்டாப்பிலும் படத்தைப் பார்த்தார்கள்.

ஆக, படத்தை யாராலும் முழுதாக மறைத்துவிட முடியவில்லை. அது பாக்கெட்டுக்குள் வந்துவிடுகிறது. கைவிட்டுப் போவது விளக்குகள் எரிந்த பிறகு வரும் அந்த ஒன்றரை மணி நேரம்தான். படத்தை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் அது தேவை. தனியாகப் போனில் பார்ப்பவரிடம், பின் வரிசையிலிருந்து எழுந்து "அந்தக் கிழவி அப்படிச் சொல்லவில்லை" என்று திருத்த ஆள் இல்லை.