உம்மும்மாவின் எண்ணெய்ச் சீசா

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் வாரம் என் ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்தது. குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. இரத்த அழுத்தம் திடீரென்று கூடியதால் அவசரமாக ஒபரேஷன் செய்து எடுத்தார்கள். 31 வாரப் பிள்ளை. நிறை 1,400 கிராம். வாப்பா கடையில் கட்டி வைக்கும் ஒன்றரைக் கிலோ சீனிப் பொதியை விடப் பாரம் குறைவு. நான் சாச்சி ஆகிவிட்ட சந்தோசத்தை யாரிடமும் சொல்லக்கூட வாய் வரவில்லை.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை என்பது உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்குத் தெரியும். மூச்சுத்தான் பெரிய கண்டம் என்று நினைத்திருந்தேன். அல்லாஹ்வின் உதவியால் மூச்சு ஒரு கிழமைக்குள் சீராகிவிட்டது. பால்தான் பெரிய பாடாகப் போனது.

பால் குடிப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காகச் சேர்ந்து வருவதற்கு ஏறக்குறைய 34 வாரம் ஆகும். அதற்கு முன் பிறந்த பிள்ளையின் வாயில் பாலை ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போய்விடலாம். அதனால் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய டியூப் போட்டிருந்தார்கள். ராத்தா பாலை எடுத்துக் கொடுப்பா. மிஸ்மார் அதை டியூபில் விடுவார்கள். முதலில் இரண்டு மில்லிலீற்றர். நாட்கள் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.

உம்மா ராத்தாவின் மூத்த மகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றா. எனவே பாடசாலை விட்டதும் சாப்பாட்டுக் கெரியரைத் தூக்கிக்கொண்டு நானும் உம்மும்மாவும்தான் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் உம்மும்மாவின் கையால் எண்ணெய் பூசி நீவப்பட்டவர்கள். இரண்டாம் நாளே அவ சேலைத் தலைப்புக்குள் ஒரு சின்னச் சீசாவை ஒளித்துக்கொண்டு வந்தா. உள்ளே தேங்காயெண்ணெய்.

“புள்ளைக்கு வயித்துலயும் கன்னத்துலயும் ஒருக்காத் தடவினா பால் குடிக்கும் மகள்” என்றா.

நான் சீசாவைப் பறித்தேன். “இது உங்கட காலம் இல்ல உம்மும்மா. தெரியாத விசயத்துல கை வெக்காதீங்க. புள்ளைக்கு என்னவும் ஆனா நீங்களா பதில் செல்ற?” என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். உம்மும்மா ஒன்றும் பேசவில்லை. வாங்கில் போய் இருந்துகொண்டா.

மூன்று கிழமை போனது. 34 வாரம் நெருங்கியும் பிள்ளை விரலைக் கூடச் சப்பவில்லை. அப்போதுதான் பேச்சுச் சிகிச்சையாளர் மிஸ் ஒருவரை டொக்டர் அனுப்பினார். பேசாத பிள்ளைக்குப் பேச்சுச் சிகிச்சையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பேசும் வாயும் விழுங்கும் வாயும் ஒன்றுதான் என்பதால், பால் குடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்களின் வேலைதானாம். பால் நேரத்துக்குச் சற்று முன் கன்னத்தைக் காதடியிலிருந்து உதட்டோரம் வரை நீவ வேண்டும். பிறகு உதட்டைச் சுற்றி. முரசையும் நாக்கையும் கையுறை போட்ட சின்ன விரலால் மிஸ்ஸே தடவுவார். பிள்ளை கொட்டாவி விட்டால், விக்கினால், விரல்களை விரித்தால், நிறம் மாறினால் உடனே நிறுத்த வேண்டும். அது பிள்ளை ‘போதும்’ என்று சொல்லும் பாசை.

ராத்தா பயந்தா. தொட்டும் தொடாமலும் விரல் நுனியால் தடவ, பிள்ளை முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டதாம். வெளியே வந்து அழுதா. “என்ட கை பட்டாலே புள்ளைக்குப் புடிக்குதில்ல” என்றா.

உம்மும்மா எழும்பி வந்து என் முகத்தைப் பிடித்தா. “இந்தா, இவள்ட கன்னத்துல செஞ்சி காட்டு” என்றா. ராத்தா தடவினா. எனக்குக் கூசியது. “அதான். நீ கூசப் பண்ற. அமத்தவும் கூடா, கூசவும் கூடா. ரொட்டி மாவுக்கு எண்ணெய் பூசுற கைப்பாரம் போதும்” என்று தன் விரலை என் கன்னத்தில் வைத்தா. சொரசொரப்பான விரல், ஆனால் அந்த நீவலில் எனக்குக் கண் சொக்கியது. அந்த வாங்கிலிருந்து ராத்தா என் கன்னத்தில் பத்துத் தரமாவது பழகினா.

அன்று வரும் வழியில் உம்மும்மா தானாகச் சொன்னா: “உன்ட மாமாவுக்கு முந்தி எனக்கொரு பொண் புள்ள. ஏழு மாசத்துல பொறந்த. பால் புடிக்கத் தெரியல்ல. பஞ்சில நனைச்சி நனைச்சி ஊத்தினன். நாலாம் நாள் ராவு நெஞ்சில பால் அடைச்சிட்டு.” ஓட்டோச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. அந்தச் சீசா என் புத்தகப் பையில்தான் கிடந்தது.

அன்றிரவு ரசாயனவியலை மூடி வைத்துவிட்டு இதைப் பற்றி வாசித்தேன். 1986 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மியாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் குறைமாதப் பிள்ளைகளை நாளுக்கு மூன்று தடவை, 15 நிமிடம் வீதம், 10 நாட்கள் நீவிப் பார்த்திருக்கிறார்கள். நீவாத பிள்ளைகளை விட அவர்களுக்கு 47 சதவீதம் கூடுதலாக நிறை ஏறியது. குடித்த பாலின் அளவில் வித்தியாசம் இல்லை. மூளையிலிருந்து இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டுச் சமிபாடு சீராவதுதான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். பின்னைய ஆய்வுகளில் மிக மெல்லிய தொடுகையை விட நிதானமான அழுத்தமே பலன் தந்தது. உம்மும்மா சொன்ன ரொட்டி மாவுக் கைப்பாரம்!

ஐந்தாம் நாள் பிள்ளை சப்புக்கொட்டியது. 35 ஆம் வாரம் ராத்தாவின் நெஞ்சில் ஐந்து நிமிடம் உறிஞ்சிக் குடித்தது. அடுத்த கிழமை டியூபைக் கழற்றினார்கள். 1,900 கிராமில் வீட்டுக்கு வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நீவியதால்தான் குடித்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வாரமும் ஏறியது, டியூபும் ராத்தாவின் பாலும் மிஸ்மாரின் கண்விழிப்பும் இருந்தன. நீவல் அவற்றுக்கு ஒரு துணை. உம்மும்மா சொன்னபடி இரண்டாம் நாளே எண்ணெய் பூசியிருந்தால், அந்த மெல்லிய தோலுக்கும் கிருமிக்கும் பயப்பட வேண்டி வந்திருக்கும். அன்று நான் தடுத்தது சரி. தடுத்த விதம்தான் பிழை. அவவின் விரலுக்குத் தெரிந்ததை நான் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க மூன்று கிழமை ஆனது.

வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக்கில் கேட்டோம். உடம்பில் மெதுவாக எண்ணெய் பூசலாம், மூக்கிலும் வாயிலும் விடக் கூடாது என்றார் டொக்டர். அன்று பின்னேரம் பையிலிருந்த சீசாவை எடுத்து, நன்றாகக் கழுவி, புது எண்ணெய் நிரப்பி உம்மும்மாவின் கையில் கொடுத்தேன். “மாப்புக் குடுங்க உம்மும்மா” என்றேன்.

அவ சீசாவைத் திறந்து மணந்து பார்த்தா. “முதல்ல சவுக்காரம் போட்டுக் கையக் கழுவிட்டு வா. இண்டைக்கு நீ நீவு” என்று சொல்லி, பிஸ்மி சொல்லிப் பிள்ளையை என் மடியில் கிடத்தினா.